டர்பனிலிருந்து கப்பல் பயணம்: எந்த டெக்கில் என்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பிறந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கப்பல் பேச்சு தொடங்கிவிடும். இங்கத்துக் கோடை முடியும் வரை, வெள்ளைக் கட்டடம் மாதிரி ஒரு கப்பல் துறைமுக வாயிலைத் தாண்டிப் போவதை, வாயிலை ஒட்டிக் கடலுக்குள் நீளும் நார்த் பியரில் நின்று அடிக்கடி பார்க்கலாம். நானும் ஏழு வருஷம் அப்படி நின்று கையசைத்துவிட்டு, அப்புறம்தான் ஏறினேன். இதுவரை மூன்று பயணம்: இரண்டு மொசாம்பிக் பக்கம், ஒன்று கேப் டவுன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இப்போது வீடு டர்பனின் சாட்ஸ்வர்த்தில். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கப்பலுக்குக் கப்பல் சில விஷயங்கள் மாறும். டிக்கெட் வாங்கும்போது அந்தக் கப்பலின் டெக் வரைபடத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கப்பலில் ஏறியதும் முதலில் எங்கே போக வேண்டும்?

ஏறிய கையோடு எல்லோரும் ஓடுவது பஃபேக்கு. ஓடட்டும், விடுங்கள். பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கேபினுக்குள் விடுவார்கள். அதுவரை கிடைக்கிற ஒன்றிரண்டு மணி நேரத்தில் கப்பலை நடந்தே பார்த்துவிடுங்கள். இவ்வளவு காலியான கப்பல் பயணம் முழுக்க உங்களுக்குக் கிடைக்காது. லிஃப்டில் உச்சி டெக்குக்குப் போங்கள். அங்கிருந்து படிக்கட்டு வழியாக ஒவ்வொரு டெக்காக இறங்குங்கள். கீழிருந்து ஏறினால் மூன்றாவது டெக்கிலேயே முட்டி வலிக்க ஆரம்பித்துவிடும்.

இறங்கும்போது மூன்று இடங்களை மட்டும் மனதில் குறித்துக்கொண்டால் போதும்: உங்கள் கேபினுக்குப் பக்கத்துப் படிக்கட்டு, சாப்பிடும் இடம், ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய இடம். மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை கேபின் வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். அதனால் மருந்து, பாஸ்போர்ட், பிள்ளைகளின் நீச்சல் உடுப்பு மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். முதல் பயணத்தில் என் மகன் டீ ஷர்ட்டோடு நீச்சல் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்த கதை இப்போதும் வீட்டில் ஓடுகிறது.

டெக் என்றால் மாடிதானே? ஏன் நேராக 5-வது டெக்கில் ஏற்றுகிறார்கள்?

மாடிதான். ஆனால் முதல் மூன்று, நான்கு மாடிகள் நமக்கில்லை. எஞ்சின், எரிபொருள், தண்ணீர்த் தொட்டிகள், சலவைக்கூடம், குளிர் அறைகள், ஊழியர்களின் படுக்கை, சாப்பாட்டுக்கூடம் எல்லாம் அங்கேதான். கனமானவை அடியில் இருந்தால்தான் கப்பல் நிமிர்ந்து நிற்கும். மருத்துவ அறையும் பெரும்பாலும் கீழே, நாம் புழங்கும் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும்.

டர்பனுக்கு வந்துபோன, எம்எஸ்சி கம்பெனியின் மியூசிகா போன்ற ஒரு கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் கட்டியது, நீளம் சுமார் 294 மீட்டர். அதாவது கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்துப் பிட்சைப் போல் பதினாலை வரிசையாகப் போடலாம். அதில் 5, 6, 7 ஆகிய டெக்குகள் பொது இடம்: வரவேற்பு, உணவகம், தியேட்டர், கடை, கசினோ. அதற்கு மேலே நாலைந்து டெக்குகள் முழுக்கக் கேபின்கள். அதற்கும் மேலே வெயிலும் காற்றும்: நீச்சல் குளம், பஃபே, விளையாட்டு. ஓட்டலில் வரவேற்பும் சாப்பாடும் கீழே, அறைகள் மேலே என்று முடிந்துவிடும். கப்பலில் அந்த அறைகளுக்கு மேலே இன்னொரு கடைத்தெருவே இருக்கும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

இன்னொரு வேடிக்கை. சில கப்பல்களில் 13-வது டெக் இருக்காது. 12-க்கு அடுத்தது 14. இத்தாலியர்களுக்கு ஆகாத எண் 17 என்பதால் அவர்கள் வழிவந்த கப்பல்களில் 16-க்கு அடுத்து 18 வரும். எட்டாம் நம்பருக்குப் பயப்படும் நம் ஆட்களுக்கு மட்டும் யாரும் சலுகை தரவில்லை.

இடம் வலம் எப்படித் தெரிந்துகொள்வது? எந்தப் பக்கம் கேபின் எடுத்தால் கரை தெரியும்?

கப்பல் போகும் திசையைப் பார்த்து நில்லுங்கள். இடக்கைப் பக்கம் போர்ட், வலக்கைப் பக்கம் ஸ்டார்போர்ட். முன்பக்கத்தை நம் மீனவர்கள் அணியம் என்பார்கள், பின்பக்கத்தை அமரம். கப்பல்காரர்களுக்கு அது பௌ, ஸ்டெர்ன். பின்பக்கத்தை ஆஃப்ட் என்றும் பலகைகளில் எழுதியிருக்கும்.

டர்பனிலிருந்து மொசாம்பிக்குக்கு வடக்கே போகிறோம். ஆப்பிரிக்கக் கரை மேற்கே இருக்கிறது. ஆகவே போகும்போது கரையும் சூரிய அஸ்தமனமும் இடப்பக்கம், உதயம் வலப்பக்கம். திரும்பும்போது அப்படியே தலைகீழ். டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். உதயம் பார்க்கிறேன் என்று வலப்பக்கப் பால்கனி எடுப்பவர்களில் எத்தனை பேர் எழுந்து பார்க்கிறார்கள் என்பது அவரவர் வீட்டு ரகசியம். கரை கண்ணுக்குத் தெரியும் என்று ரொம்ப நம்பவும் வேண்டாம். கப்பல் பாதி நேரம் கரையை விட்டு எட்டத்தான் போகும்.

எந்தக் கேபின் நல்லது?

பணம் இருந்தால் பால்கனி. இல்லாவிட்டால் ஜன்னல் இல்லாத உள் கேபினே போதும் என்பேன். நடுவில் இருக்கிற வட்டக் கண்ணாடிக் கேபினுக்குக் கூடுதல் காசு கொடுத்துவிட்டு, உயிர்காப்புப் படகின் ஆரஞ்சு நிற முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். பார்வை மறைக்கப்பட்டது என்று விலைப்பட்டியலில் ஒரு ஓரமாக எழுதியிருப்பார்கள். அதை முதலில் படியுங்கள்.

எந்த வகை என்பதைவிட எந்த இடம் என்பதுதான் முக்கியம். ஆட்டம் குறைவாக வேண்டுமானால் நீளவாக்கில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ் டெக். தராசை நினைத்துப் பாருங்கள்: தட்டு ஆடும், நடுமுள் அவ்வளவு ஆடாது. தூக்கம் முக்கியம் என்றால் மேலேயும் கீழேயும் கேபின்கள் உள்ள டெக்காகப் பாருங்கள். நீச்சல் குளத்து டெக்குக்கு நேர் கீழே எடுத்தால், விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். தியேட்டருக்கு நேர் மேலே என்றால் ராத்திரி டிரம். முன்கோடியில் என்றால் நங்கூரச் சங்கிலி.

உள் கேபினில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு; காலை எது, ராத்திரி எது என்றே தெரியாது. பல கப்பல்களில் முன்பக்கக் கேமரா காட்சியை டிவியில் ஒரு சேனலாக விடுவார்கள். சத்தத்தைக் குறைத்து அதைப் போட்டு வைத்துவிட்டால் அதுதான் உங்கள் ஜன்னல், காசில்லாமல்.

வாந்தி வருமா? எனக்கு பஸ்ஸிலேயே தலை சுற்றும்.

வரலாம். இந்தக் கடல் சும்மா இல்லை. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி அகுல்லாஸ் நீரோட்டம் வடக்கிலிருந்து தென்மேற்காகப் பாய்கிறது. தென்மேற்கிலிருந்து காற்று எழும்பி அதற்கு எதிரே மோதும் நாட்களில் அலைகள் செங்குத்தாக உயரும். 1909-ல் வராட்டா என்ற பயணிகள் கப்பல் டர்பனை விட்டுக் கிளம்பி 211 பேரோடு காணாமல் போனது இந்தக் கரையில்தான். அதன் சிதைவு இன்றுவரை கிடைக்கவில்லை. பயமுறுத்தச் சொல்லவில்லை. அப்போது இருந்த கப்பல் வேறு, நடுக்கடலில் வானிலை அறிவிப்பு கிட்டத்தட்ட கிடைக்காது. இன்றைக்குக் கேப்டன் காற்றைப் பார்த்து வழியை மாற்றிக்கொள்வார். துறைமுகத்தையே விட்டுவிடவும் செய்வார்.

கப்பலின் இரண்டு பக்கமும் நீருக்கடியில் மீன் துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர் இருக்கும். இடம் வலமாகச் சாய்வதை அது நன்றாகவே குறைக்கும். முன்பின்னாக எழுந்து விழுவதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கேப் டவுன் போகும்போது எனக்கு வந்தது அந்த இரண்டாவது ரகம். மாத்திரை போடுவதானால் குமட்டல் வருவதற்கு முன்பே போட வேண்டும். வந்த பிறகு போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். என்ன மாத்திரை என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், குறிப்பாக ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள். என் மாமியார் இஞ்சி மரப்பாவோடுதான் ஏறினார்கள். வெறும் வயிறு ஆகாது, முட்ட முட்டச் சாப்பிட்டதும் ஆகாது. நடு டெக்கில் வெளியே போய் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். கேபினுக்குள் படுத்துக்கொண்டு ஃபோனை மட்டும் நோண்டாதீர்கள்.

உயிர்காப்புப் பயிற்சிக்குக் கட்டாயம் போக வேண்டுமா?

கட்டாயம். ஏழு குட்டைச் சத்தம், பிறகு ஒரு நீண்ட சத்தம்: அதுதான் அபாய அறிவிப்பு. உங்கள் கேபின் அட்டையில் ஒரு எழுத்து இருக்கும். அது நீங்கள் கூட வேண்டிய இடம். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் கோஸ்டா கன்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறிய பல பயணிகளுக்கு அதுவரை பயிற்சியே நடந்திருக்கவில்லை, ஏனென்றால் 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. அதற்குப் பிறகுதான் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று மாற்றினார்கள்.

நம் கரையிலேயே ஒரு கதை உண்டு. 1991 ஆகஸ்டில் ஓஷியானோஸ் என்ற கப்பல் ஈஸ்ட் லண்டனிலிருந்து டர்பனுக்கு வரும் வழியில், காஃபி பே பக்கம், புயலில் தண்ணீர் புகுந்து மூழ்கியது. உள்ளே இருந்த 571 பேரும் பிழைத்தார்கள். பயணிகளை ஒழுங்குபடுத்தி ஹெலிகாப்டரில் ஏற்றியதில் பெரும்பங்கு கப்பலின் பாட்டுக்காரர்களுக்கும் மேஜிக்காரர்களுக்கும்தான். அதனால் பயிற்சி நேரத்தில் வழி காட்டும் ஆள் நேற்று ராத்திரி டான்ஸ் ஆடியவராக இருந்தால் சிரிக்காதீர்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? காவடி விரதம் இருக்கிறேன்.

கிடைக்கும், ஆனால் சொல்லி வைக்க வேண்டும். புரட்டாசி கப்பல் சீசனுக்கு முன்பே முடிந்துவிடும். அது பிரச்சனை இல்லை. தைப்பூசக் காவடி விரதம் சீசனுக்கு நடுவில் வரும். டிக்கெட் எடுக்கும்போதே சைவம் என்று எழுதி வாங்குங்கள். கப்பலேறிய பிறகு உணவக மேனேஜரை ஒரு தடவை நேரிலும் பாருங்கள். ஊழியர்களில் இந்தியர்கள் பலர் இருப்பார்கள். முதல் ராத்திரியே பேச்சுக் கொடுத்துவிட்டால் அடுத்த நாள் பருப்பும் சோறும் எங்கிருந்தோ வரும்.

இரண்டு விஷயத்தில் கவனம். பஃபேயில் ஒரே கரண்டியைப் பல தட்டுகளில் போடுவார்கள். கடும் விரதக்காரர்களுக்கு உட்கார்ந்து சாப்பிடும் உணவகமே நல்லது. அப்புறம், முட்டையும் மீனும் சேர்ந்தாலும் அது சைவம்தான் என்று நினைக்கிறவர்கள் உலகத்தில் நிறைய உண்டு. முட்டை வேண்டாம், மீன் வேண்டாம், மாட்டிறைச்சி எலும்புச் சாற்றில் செய்த சூப் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். சத்தியம் பண்ணி உள்ளபடி சொன்னால், விரதத்தின் கடைசி மூன்று நாளைக் கப்பலில் கழிக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நாலா பக்கமும் கறி வாசனை.

வீட்டிலிருந்து சட்டியில் பிரியாணி கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். குழந்தைச் சாப்பாட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு.

கேபினில் விளக்கேற்றலாமா? ஊதுபத்தி?

கூடாது. கடலில் தண்ணீரைவிட நெருப்புக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். திரி, சூடம், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி எதுவும் ஆகாது. அயர்ன் பாக்ஸும் கெட்டிலும்கூடப் பெட்டிச் சோதனையில் பிடிபடும். பேட்டரி விளக்கு ஒன்றைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுக்கொள்ளலாம். புடவை கசங்காமல் இருக்க வேண்டுமா? கசங்காத துணியாகக் கொண்டுபோங்கள். கப்பலில் துணி தேய்த்துத் தரக் காசு வாங்குவார்கள், கொஞ்சம் கூடவே.

எது இலவசம், எது காசு?

தியேட்டர், நீச்சல் குளம், ஜிம், பஃபே, பொது உணவகம், பிள்ளைகள் கிளப், நடைபாதை இதெல்லாம் டிக்கெட்டில் அடங்கும். ஸ்பா, தனி உணவகங்கள், பெரும்பாலான குளிர்பானங்கள், மதுபானம், இன்டர்நெட், கரையில் கூட்டிப்போகும் சுற்றுலா, நமக்கே தெரியாமல் நம்மைப் படம் பிடித்து மறுநாள் சுவரில் ஒட்டி வைக்கும் அந்தப் போட்டோக்கள் எல்லாம் காசு. குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்ததுதான். கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ சவ்வு வழியாக அழுத்தியோ கப்பலிலேயே தயாரிப்பார்கள். பாட்டில் தண்ணீர் வாங்காமலே சமாளிக்கலாம்.

கப்பலில் ரொக்கம் செல்லாது. கேபின் அட்டையைத் தேய்த்தால் எல்லாம் கணக்கில் ஏறும். அட்டை என்பதால் கை தாராளமாகிவிடுகிறது. தினமும் ராத்திரி வரவேற்பிலோ கேபின் டிவியிலோ கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று தினசரி சேவைக் கட்டணமும் சேரும். விலை ராண்டிலா டாலரிலா என்பதை முதல் காபிக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கசினோவும் கடைகளும் துறைமுகத்தில் நிற்கும்போது மூடியிருக்கும். கப்பல் கரையை விட்டு விலகிய பிறகுதான் திறப்பார்கள்.

ஃபோன் வேலை செய்யுமா?

செய்யும், அதுதான் ஆபத்து. கரையை விட்டு விலகியதும் உங்கள் ஃபோன் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். அது சாதாரண ரோமிங்கைவிடப் பல மடங்கு விலை. என் மச்சினன் அணைக்க மறந்துவிட்டு, பையில் கிடந்த ஃபோனுக்கே ஒரு வாரச் சாமான் செலவுக்குப் பில் கட்டினான். ஏறியதும் ஃப்ளைட் மோட். வேண்டுமானால் கப்பல் வைஃபை வாங்கிக்கொள்ளுங்கள்.

நீச்சல் குளம் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது?

விளம்பரப் படத்தைப் பார்த்துவிட்டுப் போகிற எல்லோரும் கேட்பது. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. அதை உச்சி டெக்கில் தூக்கி வைத்தால் கப்பலின் தலை கனத்துவிடும். கப்பல் சாய்ந்தால் அந்தத் தண்ணீரும் சேர்ந்து அலையும். ஆகவே சின்னதாகத்தான் வைப்பார்கள். கடல் கொந்தளித்தால் வலை போட்டு மூடுவார்கள், சில நேரம் வடித்தும் விடுவார்கள். பெரும்பாலும் உப்புத் தண்ணீர். சாதாரண உடுப்போடு இறங்காதீர்கள், டயப்பர் போட்ட குழந்தைகளையும் விட மாட்டார்கள். கூட்டம் இல்லாமல் நீந்த வேண்டுமா, மற்றவர்கள் மொசாம்பிக் பக்கத்துத் தீவில் இறங்கியிருக்கும் காலை நேரம்.

நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் பழக்கம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடும் நம் ஊருக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன்.

வயதானவர்களைக் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. சொல்லப்போனால் அவர்களுக்கு ஏற்ற பயணம் இதுதான்: தினம் பெட்டி கட்ட வேண்டாம், பஸ் ஏற வேண்டாம். ஆனால் கப்பலின் நீளத்தை மறக்காதீர்கள். முன்கோடிக் கேபினிலிருந்து பின்கோடி உணவகத்துக்கு ஒரு நாளில் மூன்று தடவை போய்வந்தால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் நடை. அதனால் லிஃப்டுக்குப் பக்கத்தில், ஆனால் லிஃப்டை ஒட்டாமல் நாலைந்து கதவு தள்ளிக் கேபின் கேளுங்கள். பல கேபின்களில் குளியலறை வாசலில் ஒரு படி உயரத்துக்குத் தடை இருக்கும். ராத்திரி அரைத்தூக்கத்தில் அது காலை வாரும். சக்கர நாற்காலிக்கென்றே தடையில்லாத கேபின்கள் உண்டு, எண்ணிக்கையில் குறைவு. சீக்கிரம் சொல்லி வைக்க வேண்டும்.

குளியலறைக் கழிப்பறை காற்றை உறிஞ்சி இழுக்கும் ரகம். அமுக்கும்போது கேட்கும் சத்தத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் மாமியார் முதல் நாள் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்துவிட்டார்கள்.

கர்ப்பிணிகளுக்கு: பெரும்பாலான கம்பெனிகள் பயணம் முடியும் நாளில் 24 வாரம் தாண்டியிருந்தால் ஏற்றுவதில்லை. டாக்டர் கடிதமும் கேட்பார்கள்.

என்ன பேப்பர் வேண்டும்?

மொசாம்பிக் போவதானால் பாஸ்போர்ட். இந்தியப் பாஸ்போர்ட்டில் இங்கே வேலை விசாவில் இருப்பவர்கள் மொசாம்பிக் விசா, திரும்ப உள்ளே வர அனுமதி இரண்டையும் பணம் கட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கப்பல் சில நாளில் திரும்பிவிடும்தான். அதிகாரிக்கு அது நாட்டை விட்டு வெளியே போய் வந்ததுதான். பிள்ளை அம்மாவோடு மட்டுமோ அப்பாவோடு மட்டுமோ போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும். மொசாம்பிக் மலேரியா பகுதி. அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கப்பலுக்குள் வழி தவறாமல் இருப்பது எப்படி?

தவறத்தான் செய்வீர்கள். காரணம் உங்கள் புத்தி அல்ல, சமையலறை. பல கப்பல்களில் கீழ்ப் பொது டெக்கின் நடுவில் சமையலறை குறுக்கே நிற்கும். முன்பக்கத்திலிருந்து பின்பக்க உணவகத்துக்கு அதே டெக்கில் நேராக நடந்தால் சுவரில் முட்டுவீர்கள். ஒரு டெக் ஏறி, நடந்து, மறுபடி இறங்க வேண்டும். முதல் ராத்திரி பசியோடு சுவரைப் பார்த்துத் திரும்பும் கூட்டத்தை எல்லாக் கப்பலிலும் பார்க்கலாம்.

கேபின் வராந்தாக்கள் எல்லாம் ஒரே மாதிரி நீண்டுகொண்டே போகும். சில கப்பல்களில் கம்பளத்து மீன்கள் கப்பலின் முன்பக்கம் பார்த்து நீந்தும். கதவு எண்கள் ஒரு பக்கம் இரட்டைப்படை, மறுபக்கம் ஒற்றைப்படை. உங்களுடையது எந்தப் பக்கம் என்பதை முதல் நாளே பாருங்கள். நாங்கள் கதவில் ஒரு சின்னக் காந்தம் ஒட்டி வைத்தோம். வேல் வடிவம். தமிழ் தெரியாத பக்கத்துக் கேபின்காரர்களும் அதை அடையாளமாக வைத்துத்தான் தங்கள் கதவைக் கண்டுபிடித்தார்கள்.

நீளத்தைப் பற்றிச் சொன்னதால் இது: எம்எஸ்சியின் ஓபெரா, சின்ஃபோனியா உள்ளிட்ட நான்கு கப்பல்களை 2014, 2015-ல் இத்தாலியின் பலெர்மோவில் நடுவில் இரண்டாக வெட்டி, 24 மீட்டர் துண்டைச் செருகி ஒட்டினார்கள். புடவைக்கு ஒட்டுப் போட்ட மாதிரி. அவற்றில் ஓபெராவும் சின்ஃபோனியாவும் டர்பனுக்கு வந்திருக்கின்றன. எந்த இடத்தில் ஒட்டு என்று தேடிப் பார்த்தவர்கள் கண்டுபிடித்ததாக நான் கேள்விப்படவில்லை.

கப்பல் கிளம்பும்போது எங்கே நிற்க வேண்டும்?

இது ஒன்றுக்கு மட்டும் நேரத்தோடு போய் இடம் பிடியுங்கள். குளத்தடியில் பாட்டும் ஆட்டமும் நடக்கும். அதை விட்டுவிட்டு அதற்கு மேல் டெக்கின் இடப்பக்கம் போங்கள். டர்பன் துறைமுகத்தின் வாயில் குறுகல். வெளியே போகும்போது வலப்பக்கம் பச்சைக் குன்றாக பிளஃப், இடப்பக்கம் பாய்ன்ட் பகுதியும் உஷாகா கடல் பூங்காவும் நார்த் பியரும். பியரில் நிற்பவர்களின் முகமே தெரியும். தூண்டில் போடுகிறவர்கள், பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்திருக்கும் அப்பாக்கள், எல்லோரும் கையசைப்பார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பெர்லா கிப்சன் என்ற பாடகி வெள்ளை உடுப்போடு துறைமுகத்தில் நின்று, போர்க்கப்பல்களில் போன சிப்பாய்களுக்கு ஒலிபெருக்கிக் குழாய் வைத்துப் பாடியிருக்கிறார். அவருக்கு இங்கே சிலையும் உண்டு.

வாயிலைத் தாண்டியதும் இடப்பக்கம் கடற்கரை முழுதும் விரியும். மோசஸ் மபிடா ஸ்டேடியத்தின் 106 மீட்டர் வளைவு கூடைக்குப் பிடி போட்ட மாதிரி நிற்கும். கப்பலை வழிகாட்டி வெளியே கொண்டுவந்த பைலட்டை ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். படகில் இறங்கிப் போவதுதான் உலக வழக்கம், டர்பனில் வானத்தில்.

நம் முன்னோர் வந்த கப்பலும் இப்படித்தான் இருந்ததா?

வகுப்பில் ஒரு பையன் கேட்டான். அவன் ஆயாவின் ஆயா மெட்ராஸிலிருந்து வந்தவர். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த முதல் கப்பலான ட்ரூரோ 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து 342 பேரோடு இதே துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை வந்த ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்களுக்கும் டெக் உண்டு: மேல் தளத்துக்கும் சரக்குத் தளத்துக்கும் இடைப்பட்ட தாழ்வான தளம். கூலிக் கப்பல்களின் வழக்கப்படி தனி ஆண்கள் முன்பக்கம், குடும்பங்கள் நடுவில், தனிப் பெண்கள் பின்பக்கம். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் அங்கேயே. ஆளுக்கொரு எண். அந்த எண்ணை வைத்துக் கப்பல் பட்டியலில் தங்கள் வீட்டு ஆட்களைத் தேடிக் கண்டுபிடித்த குடும்பங்கள் இங்கே பல.

அந்தப் பையன் அடுத்த கேள்வி கேட்டான்: அவர்களில் யாருக்குக் கேபின் எண் இருந்தது, சார்? நான் டீயை ஊற்றப் போய்விட்டேன்.

ராத்திரியில் நட்சத்திரம் பார்க்க எந்த டெக்?

குளத்து டெக் கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம். மேல் டெக்கின் முன்கோடிக்குப் போங்கள். கப்பலோட்டும் அறைக்கு அந்தப் பக்கம் இருட்டு தேவை என்பதால் அங்கே விளக்குகளைக் குறைத்திருப்பார்கள். காற்று தள்ளும், சால்வை வேண்டும். சீசனில், விடியற்காலை மூன்று நான்கு மணிக்குத் தெற்கே பார்த்தால் திரிசங்கு தெரியும். நான்கு நட்சத்திரச் சிலுவை. இங்கே எல்லோரும் சதர்ன் கிராஸ் என்கிறார்கள். காற்று பலமாக இருந்தால் அந்த டெக்கைக் கயிறு கட்டி மூடிவிடுவார்கள், தாண்டிப் போகாதீர்கள்.

எஞ்சின் அறையையும் கேப்டன் அறையையும் பார்க்க விடுவார்களா?

பொதுவாக விட மாட்டார்கள். சில கம்பெனிகள் காசு வாங்கிக்கொண்டு சமையலறை, சலவைக்கூடம் வரை கூட்டிப்போவார்கள். கிடைத்தால் போங்கள், தியேட்டரைவிட அது சுவாரசியம்.

தீவில் எப்படி இறங்குவது?

போர்ச்சுகீஸ் தீவு மாபுட்டோ விரிகுடாவில், இன்யாக்கா தீவுக்குப் பக்கத்தில். அங்கே துறைமுகம் இல்லை. சின்னப் படகில் போய்க் காலை நனைத்துத்தான் இறங்க வேண்டும். செருப்பு கையில், ஃபோன் பிளாஸ்டிக் உறையில். அலை கூடினால் இறங்குவதையே ரத்து செய்துவிடுவார்கள். அதற்காக வரவேற்பில் போய்ச் சண்டை போடாதீர்கள், கேப்டனுக்கும் அலைக்கும் நடுவில் அந்தப் பெண் ஒன்றும் செய்ய முடியாது. திரும்பி ஏறியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பலில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோவைரசுக்கு கையில் தடவும் பசை மருந்தைவிட சோப்பும் தண்ணீரும்தான் சரி.

கடைசி நாளில் என்ன செய்ய வேண்டும்?

முந்தின ராத்திரியே பெரிய பெட்டிகளுக்குக் கலர் அட்டை கட்டி வாசலில் வைத்துவிட வேண்டும். தூங்கும்போது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். காலையில் உங்கள் கலரைக் கூப்பிடும்போது இறங்கலாம். கப்பல் பஃபேயிலிருந்து பழமோ சாப்பாடோ பையில் போட்டு இறங்கக் கூடாது, கரையில் அபராதம் விழும்.

வாசலில் பெட்டியை வைப்பதற்கு முன் மறுநாள் போட வேண்டிய துணியை எடுத்து வெளியே வையுங்கள். எங்கள் மாமனார் எல்லாவற்றையும் ஒழுங்காக மடித்துப் பெட்டியில் வைத்து, பூட்டி, அட்டை கட்டி, வாசலில் வைத்துவிட்டுத் திருப்தியாகத் தூங்கினார். காலையில் அவர் கையில் மிஞ்சியிருந்தது ஒரு கட்டம் போட்ட சாரம், அதாவது லுங்கி. அதோடுதான் டர்பன் குடிவரவு வரிசையில் நின்றார். அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், சாரத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார்.